சர்வர் விழுந்த பதினோரு நிமிடம்

முத்துமாரிக்குச் சனிக்கிழமை நிரந்தர ஆணை வர வேண்டும். நெமிலியில் அவள் அம்மா களையெடுத்து வாங்கிக் கொடுத்த பட்டத்தை, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒரு வருஷமாகத் தற்காலிகமாகவே வைத்திருந்தது.

கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. கட்டிங் பிரிவின் அளவுக் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. தோல் வெட்டும் மெஷின்கள் அங்கிருந்துதான் எடுக்கும். கரண்ட் போய்ச் சர்வர் விழுந்தால் அத்தனை கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கும். சர்வர் எழும்வரை அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதி முடிக்கும். வேண்டுமென்றேதான் அவள் அப்படி வைத்திருந்தாள்.

மேனேஜர் ஆதிகேசவனுக்கு நின்ற மெஷினைக் கண்டால் ஆகாது.

“இன்னாம்மா, எல்லாம் பொணம் மாதிரி நிக்குது? வேற மாதிரி வைக்க முடியாதா?”

“முடியும் சார். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, முடியலன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போய்டும். ஆனா சேவ் பண்ணது போய்டும். சர்வர் பேட்டரி செத்துக் கெடக்கு, அதை மாத்திக் குடுங்க. விழவே விழாது.”

“பேட்டரி அப்புறம். செட்டிங்க இன்னிக்கே மாத்து. சனிக்கிழமை ஞாபகம் இருக்கில்ல?”

இருந்தது. மாற்றினாள். கட்டிங் பிரிவுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டால் தெரியட்டும் இந்த ஆளுக்கு என்ற ஆத்திரத்தில் போகவில்லை.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். திரையில் இங்கிலீஷில் எந்தப் பெட்டி வந்தாலும் ஓகே அழுத்திவிட வேண்டும். லைன் நிற்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

வியாழக்கிழமை, திருத்தி வந்த அளவுகளை அமிர்தவள்ளி ஒவ்வொன்றாக சேவ் செய்துகொண்டிருந்தாள். பதினான்கு வருஷமாக அங்கே இருப்பவள். முப்பத்தொன்பதாம் நம்பர் வரை ஏறியபோது கரண்ட் போனது. அவள் கம்ப்யூட்டருக்குத் தனி பேட்டரி உண்டு. சர்வர் விழுந்து, எழப் பதினோரு நிமிடமானது. அதற்குள் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டுக்கு, சேவ் ஆகவில்லை என்று இங்கிலீஷில் மூன்று பெட்டிகள் வந்தன. மூன்று முறை ஓகே அழுத்தினாள்.

மெஷின்கள் அந்த மூன்று நம்பரையும் பழைய அளவிலேயே வெட்டித் தள்ளின. மறுநாள் தையலில்தான் தெரிந்தது. நானூறு தோல் குப்பை.

“படிச்சுப் பாக்க மாட்டியா?” என்றார் ஆதிகேசவன், அமிர்தவள்ளியையும் முத்துமாரியையும் தன் அறைக்குக் கூப்பிட்டு.

“படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் தோலோட நிக்கறேன்? இந்த மேடம் மாதிரி ஏசியில உக்காந்திருப்பேன்.” அமிர்தவள்ளி தானே சிரித்துக்கொண்டாள். பிறகு முத்துமாரியைப் பார்த்தாள். “முன்னல்லாம் அதுவா நின்னுடும். இப்ப ஏன் மேடம் நிக்கல?”

அமிர்தவள்ளியை வெளியே அனுப்பிவிட்டு, ஆதிகேசவன் இரண்டு தாள்களை நகர்த்தினார். ஒன்று நிரந்தர ஆணை. மற்றது, தவறு அமிர்தவள்ளியின் அஜாக்கிரதை, அவளை வேலையை விட்டு நீக்கலாம் என்ற அறிக்கை.

“மாத்தச் சொன்னது நீங்க சார்.”

“மாத்துனது யாரு?”

இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

“அவ கைரேகையையும் அட்டெண்டன்ஸ் மெஷின்லேர்ந்து தூக்கிடு. நாளைக்கு வந்து நிக்கப் போறா.”

தூக்கினாள்.

ஐந்தரைக்கு வேலை முடிந்து அமிர்தவள்ளி விரல் வைத்தாள். மெஷின் சிவப்பு காட்டியது. புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். பின்னால் வரிசை முனகியது. எச்சில் தொட்டு வைத்தாள். மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

“மேடம், தோல் உரசி உரசி ரேகை தேஞ்சிடுச்சு போல. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

முத்துமாரி சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.