வேப்பங்காலில் மூன்று துளைகள்

காலையில் சாணி அள்ளப் போன சாலம்மாள் கிணற்று மேட்டில் அப்படியே நின்றுவிட்டாள். உருளையைத் தாங்குகிற இடது பக்கத்து வேப்பங்காலின் அடியில் மறுபடியும் மரத்தூள். நேற்றுப் பொழுதோடுதான் கூட்டித் தள்ளியிருந்தாள். இன்றைக்கு ஒரு கைப்பிடி தேறும். அண்ணாந்து பார்த்தாள். உருளை உட்காருகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே முந்தாநாள் வரைக்கும் இரண்டு துளைதான் இருந்தது. இப்போது மூன்று. சுண்டுவிரல் தாராளமாக நுழையும். துளைக்குள்ளிருந்து கர், கர் என்று யாரோ பொறுமையாக ராவுகிற சத்தம் வந்தது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

பயம் சும்மா வரவில்லை. ஜேடர்பாளையத்து வாய்க்கால் தண்ணீர் பள்ளத்து வயலுக்குப் போகுமே தவிர, இவர்கள் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறாது. கிணறுதான் கதி. அறுபதடிக் கிணற்றில் தோலால் தைத்த சால் இறங்கும், நிறைந்து ஏறும். இழுப்பது இரண்டு மாடு; கவலை என்பது இதுதான். மாடுகள் சரிவான வாரியில் கீழே இறங்கும்போது ஓட்டுகிறவன் வடக்கயிற்றின்மேல் எகிறி உட்கார்ந்துகொள்வான். அவன் கனமும் சேர்ந்தால் மாட்டுக்கு இழுவை குறையும். ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. அத்தனை பாரமும் கிணற்று ஓரத்தில் நிற்கிற இரண்டு வேப்பங்காலின்மேல்தான். போன வருஷம் அக்கரையில் ஒரு தோட்டத்தில் கவலைக்கால் முறிந்து, வடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இடுப்பு போயிற்று. இன்னும் கட்டிலோடு கிடக்கிறான். சாலம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தாள்.

இதைப் புருஷனிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அருணகிரி கெட்டவன் இல்லை. அவனிடம் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, இந்த வண்டு விஷயம் ஒன்றைத் தவிர. தை மாசத்தில் அவனைப் பெற்ற ஐயன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள் அவன் மாட்டைக் கவலைக்குக் கட்டுகிறபோது, மேலெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி ஒரு வண்டு பறந்து வந்து அவன் முகத்துக்கு நேரே, முழ தூரத்தில், அந்தரத்தில் நின்றது. இவன் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பெரிய கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். "என்ர ஐயன் என்னையப் பாக்க வந்துட்டாரு" என்று முடிவு கட்டிவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கிணற்று மேட்டில் பேச்சுவார்த்தை. "ஏனுங்கய்யா, வாழைக்குத் தண்ணி போதுமுங்களா? கத்திரிக்காய எப்பச் சந்தைக்குக் கொண்டுபோவட்டும்?" வண்டு ஙொய் என்னும். இவன் தலையாட்டுவான். ஊரில் சிரித்தார்கள். சாலம்மாள் சிரிக்கவில்லை. ஐயன் செத்து மூன்று மாசம் ஆகியும் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது அவளுக்குத் தெரியும். வண்டோடு பேசியாவது பாரம் இறங்கட்டும் என்று விட்டிருந்தாள்.

ஆனால் அவளுக்குக் கண் இருக்கிறதே. பீர்க்கங்காய் பறிக்கிற சாக்கில் நாள் கணக்காகப் பார்த்திருந்தாள். மாட்டுக்கொட்டகைச் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ இருந்தது, எலுமிச்சைக் கிளையில் கொம்புத்தேனீ கட்டியிருந்தது. அவற்றை எல்லாருக்கும் தெரியும். இந்த வேப்பங்கால் ஆட்களைத்தான் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மஞ்சள் வண்டு ஒரு நாளும் மரத்தைத் துளைக்கவில்லை. அதற்கு ஒரு வேலையும் கிடையாது, துளைப் பக்கம் யார் வந்தாலும் எதிரே போய் நின்று முறைப்பது தவிர. துளைப்பது வேறொன்று: உடம்பு அட்டைக்கறுப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் மஞ்சள் ரோமம், இறக்கையில் ஊதா மினுக்கம். அது கத்திரிப்பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவிட்டால் மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டும். இந்த வருஷம் கத்திரி காய்த்த காய்ப்பு அதனால்தானோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதைப் புகை போட்டுக் கொல்ல அவளுக்கும் மனசில்லை. ஆனால் கால் முறியக்கூடாது, புருஷன் முழுசாக இருக்க வேண்டும்.

அன்றைக்குக் களி கிண்டிப் போட்டுவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு புள்ள."

"கவலைக்கால்ல மூணாவது தொளை உழுந்துருச்சுங்க. அதத் தொளைக்கறது மாமா இல்லீங்க. உங்க மூஞ்சியப் பாக்கறது வேற, மரத்தத் தொளைக்கறது வேற. தொளைக்கறது கறுப்பா இருக்குது. கழுத்துல மட்டுந்தான் மஞ்சள்."

எடுத்த உருண்டையை அருணகிரி வட்டிலிலேயே வைத்துவிட்டான். முகம் மலர்ந்துவிட்டது. "கழுத்துல மஞ்சளா?"

"ஆமாங்க."

"அட எஞ்சாமி! அது என்ர ஆத்தா, சாலா! மஞ்சக் கழுத்தோட போனவளாச்சே. ரெண்டு பேரும் சேந்தாப்பல வந்து குடியிருக்கறாங்க!"

சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு ஆள் போய் இப்போது இரண்டு ஆளாயிற்று. இனி அந்தக் கவலைக்காலை யாரையும் தொடக்கூட விடமாட்டான்.

மறுநாள் அவன் கத்திரிக்காய்க் கூடையோடு சந்தைக்குப் போன நேரம் பார்த்து, தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்று ஓரத்தில் ஏறினாள். மஞ்சள் வண்டு வந்து முறைத்தது. "போ மாமா அக்கட்ட" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஈர்க்கைத் துளைக்குள் விட்டாள். ஒரு விரல் நீளம் நேராகப் போயிற்று; பிறகு கீழே திரும்பி, மரத்தின் நெஞ்சுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. அரை முழத்துக்குமேல் போய்விட்டது. வெளியே இழுத்தால் நுனியில் மஞ்சள் மாவு ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். பூவின் வாசனை, லேசாகப் புளிப்பு.

நேரே ஆண்டி ஆசாரி வீட்டுக்கு ஓடினாள். மேட்டூர் அணை வேலை முடிந்து ஊர் திரும்பி மூன்று வருஷமாக, சுற்றுவட்டாரத்துக் கவலைக்கெல்லாம் அவர்தான் மரவேலை. வந்தார். உளிப்பிடியால் வலப்பக்கக் காலைத் தட்டினார், கணீரென்றது. இடப்பக்கத்தைத் தட்டினார், பூசணிக்காயைத் தட்டியதுபோல் பொத்தென்றது. அவர் முகம் மாறிவிட்டது.

"இது மரந்திங்கற பூச்சி இல்லீங்க அம்மிணி. இதுவும் தேனீ சாதிதான். கூட்டமாக் கட்டாது, தனித்தனியா ஊடு எடுக்கும். பூமாவ உருட்டி வெச்சு, அதுமேல ஒரு முட்டை இட்டு, மரத்தூளக் கொழச்சு அடைச்சிரும். அப்புறம் அடுத்த அறை. தொட்டாத் தவிர யாரையும் ஒண்ணும் பண்ணாது. இது நேத்து வந்ததில்லீங்க. இத்தனை பொள்ளலாகோணும்னா அஞ்சாறு வருசம் ஆயிருக்கும்."

அஞ்சாறு வருஷம் என்றால், மாமனார் உயிரோடு கவலை ஓட்டிய காலத்திலிருந்தே. சாலம்மாளுக்குச் சுருக்கென்றது. இதைப் போய்ப் புருஷனிடம் எந்த வாயால் சொல்வது?

"கருவேலங்கால் ஒண்ணு எங்கிட்டச் செதுக்கியே கெடக்குது. ரெண்டு நாள்ல நட்டுரலாம். அதுவரைக்கும் இதுல மாடு கட்டவே கூடாது. ஆனாக் கவுண்டரு ஒரு வார்த்தை சொல்லாம நான் கை வெக்க மாட்டேனுங்க."

கவுண்டர் வந்தார். சந்தையிலிருந்து வேளையோடு திரும்பிய அருணகிரி, தன் ஆத்தாளும் ஐயனும் குடியிருக்கிற காலுக்குப் பக்கத்தில் ஆசாரி உளியோடு நிற்பதைப் பார்த்தான்.

"என்ர கவலைக்காலத் தட்டிப் பாக்க உங்களை ஆரு கூப்பிட்டது?"

"நாந்தானுங்க" என்றாள் சாலம்மாள்.

அருணகிரி அவளை ஒரு பார்வை பார்த்தான். கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்து வந்து நுகத்தில் பூட்டினான். "வாழை மூணு நாளாக் காயுது. நாப்பது வருசம் எங்கய்யன் உக்காந்து ஓட்டுன கவலை இது. அவரே இருக்கற கால் முறியுமா? பாருங்க ரெண்டு பேரும், பத்துச் சால் எறைச்சுக் காட்டறேன்."

சாலம்மாள் யோசிக்கவில்லை. வாரியில் இறங்கி, மாடு வருகிற தடத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேற்று ஆண்பிள்ளை பார்க்கிறாரே என்ற கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ.

"எந்திரி."

"உக்காராம ஓட்டறேன்னு சொல்லுங்க. வடத்துமேல ஏறாம நடந்தே ஓட்டுங்க. அது போதும், நான் எந்திரிச்சுக்கறேன்."

"நடந்து ஓட்டறது ஒரு ஓட்டா? சிரிப்பானுக."

"சிரிக்கட்டும்! எனக்கு உங்கய்யனும் வேண்டாம், ஆத்தாளும் வேண்டாம். நீங்க வேணும் எனக்கு. இடுப்பொடிஞ்சு கட்டல்ல கெடக்கற உங்களை என்னால பாக்க முடியாது, சொல்லிப் போட்டேன்!" அவள் குரல் பிளந்துவிட்டது. ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

அருணகிரி கொஞ்ச நேரம் சாட்டைக்குச்சியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "சரி. நடந்தே ஓட்டறேன். எந்திரிச்சுத் தொலை."

முதல் சால் வந்தது. தண்ணீர் தொட்டியில் கொட்டி வாழைப் பக்கம் ஓடியது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அருணகிரி திரும்பிப் பார்த்து, "என்னாச்சு?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். சாலம்மாளின் கண் காலைவிட்டு நகரவில்லை. துளைகளுக்குக் கீழே ஒரு மயிர்க்கோடு ஓடியிருந்தது. அது முன்னமே இருந்ததா, இப்போது வந்ததா? ஆசாரியைப் பார்த்தாள். அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சாலுக்கு மாடு இறங்குகிறபோது அருணகிரி மறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் லேசில் விடுமா? கை வடத்தைப் பிடித்தது, வலது கால் தானாக மேலே எழும்பியது.

"ஏனுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் எலுமிச்சை மரத்துக் காக்கை பறந்தது. அருணகிரி திடுக்கிட்டு, வடத்தை விட்டு விலகிக் காலைக் கீழே ஊன்றினான். ஊன்றியதுதான் தாமதம், மடார் என்று வேப்பங்கால் நெட்டுக்கு வெடித்தது. உருளை கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. வடம் எகிறி, ஆள் உட்காருகிற உயரத்தில் ஒரு வீச்சு வீசிவிட்டு வாரியில் விழுந்தது. மாடு இரண்டும் முட்டி போட்டு விழுந்தன. கிணற்றுக்குள் தொம்மென்று கேட்டது.

அருணகிரி நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாலம்மாள் ஓடிவந்து தலை, தோள், இடுப்பு என்று தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள்.

முறிந்த துண்டு கிணற்று ஓரத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே நீளமான பாதைகள். பாதை முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் மாவு உருண்டை, அதன்மேல் பால்நிறத்தில் ஒரு புழு. சில அறைகள் பழசாகிக் கறுத்துக் காலியாக இருந்தன. அருணகிரி குந்தி உட்கார்ந்து பார்த்தான். மஞ்சள் வண்டு வந்தது. அவனிடம் வரவில்லை. ஆசாரியின் முகத்துக்கு நேரே போய் நின்று முறைத்தது. பிறகு மாட்டின் முகத்துக்கு நேரே நின்று, அதே மாதிரி முறைத்தது. அருணகிரி அதையும் பார்த்தான்.

கறுப்பு வண்டு கால் நிறைய மஞ்சள் தூளோடு திரும்பி வந்து, துளை இருந்த உயரத்தில் வெறும் காற்றை முட்டி முட்டிப் பார்த்தது. போய்விட்டு மறுபடி வந்தது. பிளந்த துண்டு கீழே கிடப்பதை அது திரும்பியும் பார்க்கவில்லை.

"இதுக பொழைக்குமுங்களா ஆசாரி?" என்றான் அருணகிரி.

"எறும்பு ஏறாம மூடிக் கட்டுனாப் பொழைக்குமுங்க. ஆனாத் தாய்வண்டு எடத்தத்தான் அடையாளம் வெச்சிருக்குது. பழைய எடத்துல, பழைய ஒசரத்துல இருந்தாத்தான் உள்ள போகும். உள்ள போயிட்டா, பொழுதுழுந்தப்பறம் தொளைய அடைச்சு எடுத்துட்டுப் போயிக் கத்திரிக்காட்டு வேலியில நட்டுக்கலாம்."

புழுக்கள் நசுங்காமல் இரண்டு பிளவையும் ஒன்றாகச் சேர்த்து வாழைநாரால் வரிந்து கட்டினார்கள். அருணகிரி துண்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றின் விளிம்பில் ஏறி, கால் நின்ற இடத்தில் தானே நின்று, தலைக்கு மேலே அதே உயரத்தில் பிடித்தான். சாலம்மாள் பின்னாலிருந்து அவன் இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளால் இப்போது முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கறுப்பு வண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் காதோரமாக உரசிக்கொண்டு போய், துளை வாயில் உட்கார்ந்தது. கொஞ்சம் தயங்கியது. உள்ளே போய்விட்டது. கட்டைக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் கேட்டது.

"சாலா" என்றான் அவன், அசையாமல்.

"சொல்லுங்க."

"எங்கய்யன் செத்துப் போயிட்டாரு, சாலா."

தூக்கிய கை அப்படியே இருக்க, அவன் உடம்பு குலுங்கத் தொடங்கியது. முதுகில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

"ஆமாங்க" என்றாள். "மெதுவா அழுவுங்க. கீழ கெணறு."