எழுபத்தெட்டிலிருந்து இறங்காத மெஷின்

நிலவறையின் சிமென்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரம் இழுக்கும் மெஷினின் முதுகிலிருந்த வலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்த போனில் என் அண்ணன் வெர்ன். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த வீட்டை எனக்கு விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போனவன். ஒஹாயோவின் ஆகஸ்ட் புழுக்கத்தை ஏதோ பூர்வஜென்மத்துச் சங்கதி போலப் பேசுவான்.

"வலையில தூசி இருக்கா, ஜோனி?"

"உன் தலைமுடி இருக்கு."

"அதுவாவது மிஞ்சியிருக்கே. கழுவி மாட்டு."

கழுவி மாட்டினேன். அறையின் ஈரம் எழுபத்தெட்டு சதவீதம் என்றது மெஷின். ஐம்பதுக்கு வந்தாக வேண்டும். பத்தடி தள்ளி என் மகள் கேலாவின் கட்டில் கிடக்கிறது. பதினாறு வயதாகிவிட்டது, தனி அறை வேண்டும் என்று இந்த வசந்தத்தில் அடம்பிடித்தாள். "பேஸ்மென்ட்டைக் குடு, குளுகுளுன்னு இருக்கும்" என்று அவளுக்காகப் பரிந்து பேசியவன் வெர்ன்தான். நாலு வயதிலிருந்து அவளுக்கு ஆஸ்துமா. ஜூனிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் இன்ஹேலர் அடிக்கிறாள். அறையில் ஈரம் குறையாவிட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

"சன்னல் மூடியிருக்கா?"

"காத்து வரட்டும்னு தொறந்து வெச்சேன்."

"அடி மண்டு! வெளிய இருக்கற ஈரத்தையெல்லாம் வா வான்னு உள்ள கூப்பிட்டுட்டு, மெஷின் வேலை செய்யலங்கறியே."

அவன் சொன்னது சரிதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. சன்னல்களை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். எழுபத்தேழு. மெஷினுக்குள் குளிரும் கம்பிச்சுருளில் பனி கட்டவில்லை. இழுத்த தண்ணீர் சேரும் வாளிக்குள் இருக்கும் மிதவையும் சிக்கவில்லை. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று தண்ணீர் ரொம்பிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப மெஷினுக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றான். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்க வேண்டும் என்று மெஷினின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. அதையும் செய்து பார்ப்போம் என்று இழுத்தேன். சக்கரம் மரப்பலகையின் அடியில் மாட்டி, பலகையின் ஒரு மூலை பிய்ந்துகொண்டு வந்தது. சுவர் முழுக்க வெர்ன் தன் கையால் அடித்த பலகைகள். "நீ வர்றியேன்னு அழகு பண்ணி வெச்சிருக்கேன்" என்று சாவி கொடுத்த அன்று சொன்னான். மூலையைப் பிடித்து இழுத்தேன்.

பின்னால் சுவர் வியர்த்திருந்தது. உப்புப் பூத்து, அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சை. நடுவே மார்க்கரால் குறுக்குக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெர்னின் கையெழுத்தில் ஒரு தேதி. அவன் அப்படித்தான், உறைபெட்டியில் வைக்கும் கறிப்பொட்டலத்துக்கும் தேதி போடுவான். வெள்ளம் எதுவரை ஏறியது என்று வருடாவருடம் ஒழுங்காகக் குறித்துவைத்திருக்கிறான். ஏழு கோடுகள். ஆகக் கடைசிக் கோடு என் முழங்கால் உயரம். நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்கு முந்தைய மாதம்.

வீடு விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில், நிலவறைக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அவன் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தான். நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன்தானே.

"அண்ணா, இங்க ஏழு கோடு இருக்கு."

என்ன கோடு என்று அவன் கேட்கவில்லை.

"பலகையை எதுக்குடி கழட்டின?"

"இல்லைன்னு டிக் போட்டியே."

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, ஜோனி. உள்ளதை எழுதினா அந்தத் தெருவுல ஒரு வீடு விக்காது."

"எல்லாரும் தங்கச்சிக்கா விக்கறாங்க? கேலாவைக் கீழ படுக்க வைக்கச் சொன்னதும் நீதான?"

"மெஷின் ஓடினாப் போதும்னு நெனச்சேன். அதுக்குத்தான் நல்லதா ஒண்ணு விட்டுட்டு வந்தேன்."

சுவரைக்கூட மன்னித்துத் தொலைப்பேன். எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு மதியம் முழுக்க என்னை வலை கழுவ வைத்தானே, மண்டு என்று திட்டினானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திரும்பினால் கேலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. கட்டிலிலிருந்து மெத்தையை உருவி, படிக்கட்டை நோக்கி இழுத்தாள். நான் போனைத் தரையிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் மெத்தையின் கீழ்முனைக்குத் தோள் கொடுத்தேன்.

"ஜோனி? லைன்ல இருக்கியா?" என்று பின்னால் அவன் குரல் கேட்டது.

நாலாவது படியில் கேலா நின்றுவிட்டாள். அவள் நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம். திரும்பாமலே, 'இரு' என்று கையைக் காட்டினாள். மெத்தையின் பாரம் மொத்தமும் என் தோளுக்கு வந்தது. அவளுக்கு அடுத்த மூச்சு வரட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.