அஞ்சு பைசா மூட்டை

1988 மார்கழியில் எங்கள் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் தானாகச் செலவு செய்யக்கூடிய தொகை ஐம்பது ரூபாய். அதற்கும் மூன்று கடைகளின் கொட்டேஷன் வேண்டும். அதற்கு மேலே போனால் கோவைக்கு எழுத வேண்டும். பதில் வருவதற்குள் பிறந்த குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். ஸ்டோர் கிளார்க்கான நான் இந்த விதிகளைக் கட்டிக்கொண்டு அழுதவன்.

பிரசவ வார்டில் குழந்தைகளைச் சுற்றும் துணி தீர்ந்துபோயிருந்தது. ஊரெல்லாம் பனியன் துணி. எங்களிடம் ஒரு முழம் இல்லை.

"பச்சப் புள்ளைங்க நடுங்குதுங்க. என்ர சேலையக் கிழிச்சுச் சுத்தியிருக்கேனுங்க" என்று ஆயா மருதம்மாள் வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே கட்பீஸ் துணிக்கடை வைத்திருந்த அமானுல்லா விஷயம் தெரிந்ததும் ஒரு மூட்டைத் துணியைத் தோளில் தூக்கி வந்தார். அவர் மகள் ஜுபைதா பிறந்ததும் அதே வார்டில்தான்.

"சும்மா வாங்க ரூல் இல்லீங்க பாய். வெலைக்குத்தான் வாங்கோணும், மூணு கொட்டேஷனோட" என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

அரை மணியில் பக்கத்துக் கடைக்காரர்கள் முஸ்தபாவும் சிவசுப்பிரமணியமும் அவரோடு வந்தார்கள். மூன்று தாளிலும் மூட்டை ஒரு ரூபாய். இதில் குறைந்த விலை எது? வழக்கமாக இரண்டு பேர் விலையை ஏற்றி எழுதி மூன்றாமவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். அன்று விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை.

"எட்டணா போட்டுக்குங்க!"

"நாலணா!"

பத்துப் பைசாவுக்காக நாளெல்லாம் மல்லுக்கட்டும் மனிதர்கள், என் மேஜையைச் சுற்றி நின்று விலையை இறக்கிச் சண்டை போட்டார்கள். அஞ்சு பைசாவில் அமானுல்லா ஜெயித்தார். எட்டு வருடம், ஒவ்வொரு மார்கழியிலும் இந்தக் கூத்து நடந்தது. நான் அவ்வளவு சிரித்தது அந்த நாட்களில்தான்.

1996இல் புதிய ஆணை வந்தது. இனி டாக்டரே ஐயாயிரம் வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம், ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில்தான் வாங்க வேண்டும். நல்ல செய்தி என்று அமானுல்லாவிடம் ஓடினேன்.

அவர் ஆணையை இரண்டு முறை படித்தார்.

"காசு குடுத்து வாங்கற அதிகாரம் வந்துருச்சுங்க. சும்மா வாங்கிக்கற அதிகாரம் எப்பங்க வரும்?"

அந்த வருடம் சங்கத்துத் துணி வந்து இறங்கியது. டாக்டர் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டார், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. பிறகு என் மேஜையைச் சுற்றி யாரும் வந்து நிற்கவில்லை.