அக்கராயனுக்கு மேற்கே

வேலைக்கு வந்து சேருவதற்குள்ளேயே சிவமணிக்கு நாள் அலுத்துவிடும். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் படைக்காரர் பஸ்ஸை மறிப்பார்கள், இறங்கச் சொல்வார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றுவிட்டு அலுவலகம் வந்து கணினியைத் திறந்தால், அங்கே வன்னிக் காடு.

செய்மதி எடுத்த படத்தில் காடு சிவப்பாகத் தெரியும். அடர்காடு, பற்றைக்காடு, வெட்டவெளி என்று எல்லை கீறி நிறம் கொடுப்பது அவளுடைய வேலை. நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சண்டைக்கு நடுவே யார் போவது? ஏசி அறையில் இருந்துகொண்டே இது பாலை மரம், இது முதிரை மரம் என்று அடித்துவிட வேண்டியதுதான்.

அன்று அக்கராயனுக்கு மேற்கே, போன வருடப் படத்தில் முழுச் சிவப்பாக இருந்த காட்டுக்குள் வெளிறிய ஓட்டை ஒன்று தெரிந்தது. கிளிநொச்சியை விட்டு ஓடிய அவளுடைய அக்காவின் குடும்பம் அந்தப் பக்கம்தான் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருப்பதாக, இயக்கத்திடம் பாஸ் எடுத்து வன்னியிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார். வரைபடத்தின் பிரதி ஒன்று படைக்காரருக்கும் போகும். புதிய வெட்டவெளி என்று கண்டால் இயக்கத்தின் முகாம் என்று நினைத்துக் குண்டு போடுவார்கள்.

அவர்களிடம் வேறு படங்களும் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தன் கையால் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. படத்தில் கிழக்கே நாலைந்து மேகத் துண்டுகள் வெள்ளையாகக் கிடந்தன. அவற்றோடு இதையும் சேர்த்து மேகம் என்று போட்டுவிட்டாள்.

பிற்பகல் மேலதிகாரி ஸவாஹிர் சரிபார்க்க வந்தார். கொம்பனித்தெருக்காரர், ஒரு கோடு பிசகினாலும் முழுவதையும் திரும்பச் செய்விக்கிற மனிதர். அந்த இடத்துக்கு வந்ததும் போன வருடப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையும் போய், விசாரணையும் வரப்போகிறது என்று சிவமணி நினைத்தாள். பயப்படக்கூட அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

“ஒங்கட ஆக்கள் அங்க ஈக்கிறாங்களா மிஸ்?”

“ஓம் சேர். அக்கா.”

ஸவாஹிர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே அமர்ந்தார்.

“மத்த மேகத்துக்கெல்லாம் பக்கத்துல நெழல் போட்டீக்கிறீங்க. இதுக்கு மட்டும் இல்ல. பாக்கிறவன் புடிச்சிடுவான்.”

அவளைத் தள்ளியிருக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் போலவே மேற்குப் பக்கமாகக் காட்டின்மேல் ஒரு கரிய நிழலைத் தாமே கீறினார். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், தம்முடைய பெயரை அடித்தார்.