நாற்காலியில் ஒரு கோல்

எதிரே தலைகால் தெரியாமல் வரும் லாரியைக் கண்டு பஸ் டிரைவருக்குப் பயமில்லை. பல் டாக்டரைக் கண்டால்தான் பயம். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன் மாதிரி வீங்கி, "அண்ணே, வாயில என்ன வச்சிருக்கீங்க?" என்று பயணிகள் கேட்க ஆரம்பித்த பிறகு, மனைவி அவரை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கிளினிக்கில் உட்காரவைத்தாள்.

அன்று சாயங்காலம் கால்பந்து இறுதி ஆட்டம். அவர்கள் ஊர் அணி இறுதிவரை வந்தது அதுதான் முதல் தடவை. ஊரே போனும் கையுமாக இருந்ததில் நெட் நத்தையாக ஊர்ந்தது. காத்திருந்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் போனில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படித் தனித்தனியா இழுத்தா ஒருத்தருக்கும் வராது" என்றாள் மூலையில் இருந்த தையல்காரம்மா. "எங்கிட்ட ஒரு ஆப் இருக்கு. பக்கத்துல இருக்கற போனெல்லாம் கூட்டுச் சேந்துக்கும். ஆளுக்கொரு துண்டா இறக்கி, ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கும். எல்லாத் துண்டும் சேந்தா எல்லாருக்கும் முழுப் படம். இருங்க, ஆப்பை நானே உங்க போனுக்கு அனுப்பறேன்."

தையல்காரம்மா, கணக்கு வாத்தியார், டிரைவர், அவர் மனைவி என்று நாலு போன்கள் கூட்டுச் சேர்ந்தன. படம் பளிச்சென்று வந்தது. மைதானத்துப் புல்கூடத் தெரிந்தது.

"சார், உங்க போன்தான் பாதிக்குமேல இழுக்குது" என்று டிரைவரிடம் சொன்னாள் தையல்காரம்மா.

டிரைவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "அடுத்தது யாரு? வாங்க!"

டிரைவர் எழுந்து, போனும் கையுமாகக் கதவுப் பக்கம் போனார். படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. கோல்கீப்பரின் தலை ஒரு கட்டத்தில், கால் இன்னொரு கட்டத்தில்.

"ஐயோ, போகாதீங்க சார்!" என்று அலறினார் வாத்தியார்.

டிரைவருக்கு உச்சி குளிர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். "பாத்தியா? விடமாட்டேங்கறாங்க."

"போனை வச்சுட்டு நீங்க மட்டும் போங்க" என்றாள் மனைவி.

"அது அப்பப்ப மூடிக்கும். என் விரல் வச்சாத்தான் தொறக்கும்."

"என் விரலுக்கும் தொறக்கும்."

எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்த டிரைவர், போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கூப்பிட்டும் ஆள் வராததால் டாக்டரே கோபமாக வெளியே வந்தார். வந்தவர் வாத்தியாரின் போனை எட்டிப் பார்த்தார். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போயிருந்தது.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார். "நானும் பாக்கணும், வேலையும் நடக்கணும்."

ஐந்தாவதாக டாக்டர் போனும் கூட்டில் சேர்ந்தது. டிரைவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஊசி போட்டு வாய் மரத்துவிட்டது. மனைவி அவர் போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் ஒரு கண்ணைப் பல்லிலும் ஒரு கண்ணைப் போனிலும் வைத்திருந்தார்.

"டாக்டர், வாயைப் பாருங்க!" என்று அதட்டினாள் மனைவி.

எல்லா ஷாட்டும் முடிந்து மறுபடியும் சமன். இனி அணிக்கொரு ஷாட்; ஒரு அணி போட்டு மற்றது விட்டால் ஆட்டம் முடிந்தது. ஊர் அணி ஆட்டக்காரர் பந்தை நோக்கி ஓடினார். காலைத் தூக்கினார். படம் அப்படியே நின்றது. ஐந்து போனிலும் வட்டம் சுற்றியது. அந்த நிமிஷம் டிரைவரின் தாடைக்குள் 'மடக்'.

வலியில்லைதான். ஆனால் அந்தச் சத்தம்! திறந்த வாயோடு டிரைவர் அலறினார்: "ஓஓஓ!"

அவர் போனுக்குத்தான் முதலில் வந்திருக்கும் என்று எல்லோருமே நினைத்தார்கள். "கோல்!" என்று வாத்தியார் டாக்டரைக் கட்டிக்கொண்டார். டாக்டர் குறட்டில் பல்லோடு குதித்தார். தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கக் கத்தினாள். தெருவில் நெட் இல்லாமல் தவித்தவர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள். வண்டிகள் ஹாரன் அடித்தன.

படம் நகர்ந்தது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கூட்டத்தில் விழுந்தது.

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள்.

"நா... ஒண்ணும்... ஹொல்லல" என்றார் அவர், பஞ்சு அடைத்த வாயோடு.

"பல்லைப் புடுங்கினா மனுஷன் கத்தமாட்டானா? கோல்னு அவரா சொன்னாரு?" என்று மனைவி சீறினாள்.

கோல் இல்லை என்று சொல்ல வாத்தியார் ஜன்னல் பக்கம் போனார். "யாருய்யா அது, எதிர் டீம் ஆளா?" என்று கீழே இருந்து குரல் வந்தது. வாத்தியார் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

நல்லவேளையாக எதிரணியும் அடுத்த ஷாட்டைக் கோட்டைவிட்டது. மறுபடியும் ஊர் அணி. ஆட்டக்காரர் ஓடினார், உதைத்தார், வலை குலுங்கியது. எதிரணியின் பதில் ஷாட்டைக் கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தார்.

டிரைவர் வாயைத் திறக்கப் போனார்.

"தொறக்காதீங்க, பஞ்சு விழுந்துடும்!" என்றார் டாக்டர்.

அதனால் அவருக்கும் சேர்த்து மனைவி கத்தினாள். கத்தி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏங்க, இதுல நம்ம டீம் எது?" என்று கேட்டாள்.