வைகாசி முடியாத வளவு

கேட்டடியில் போய் விரித்தால் போதும், இங்கே எதற்குக் குடை என்று சுகந்தினி மனதுக்குள் நினைத்தாள். குடையோடு முற்றத்தில் இறங்கிய மகள் சிவரூபிக்கு அது தெரியாததல்ல. வெளியே கார்த்திகை மழை வீதியை அரித்துக்கொண்டு ஓடியது. வேலிக்கு உள்ளே, வீட்டு வளவுக்குள் வைகாசி. சோளகக் காற்று காய்ந்த புழுதியைக் கிளப்பிக் கொடியில் கிடந்த துணிகளின் மேல் போட்டது. அக்கராயனில் இந்த ஒரு வளவுக்குள் மட்டும், யுத்தம் முடிந்த ஆண்டிலிருந்து வைகாசி முடியவே இல்லை. சிவரூபி கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்து, குடையை விரித்து, பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள்.

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கூடாரம் கட்டிய முதல் மாரியில்தான் விஷயம் தெரியவந்தது. ஊர் முழுக்க வெள்ளம் நிற்க, சுகந்தினியின் தறப்பாளில் ஒரு துளி விழவில்லை. கிராம அலுவலரான விதானையார் வந்து சுற்றிப் பார்த்து, இந்த வீட்டுக்கு வெள்ள நிவாரணம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஊர் பழகிக்கொண்டது. மார்கழியில் பெண்கள் அவித்த நெல்லையும் மிளகாயையும் கொண்டுவந்து அவள் முற்றத்தில் காயவிட்டார்கள். கனகராயன்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மார்கழியில்தான் லீவு. மார்கழியில் கல்யாணம் கூடாது. ஐயர் பஞ்சாங்கத்தையும் அவள் வளவின் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இஞ்சை சரிதான், வைகாசி முகூர்த்தம்" என்றார். தாலி கட்டி முடிந்ததும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கேட்டைத் தாண்டி மழைக்குள் ஓடினார்கள். சுகந்தினி அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். கொதிநீர் கையில் பட்டது. சுட்டது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் பிந்தி வந்தன. சில வந்து சேரவேயில்லை.

அவளிடம் இருந்தது அந்த மாதத்தின் பெயர் மட்டும்தான். கடைசி நாட்களில் பதுங்குகுழிக்குள் யாரிடமும் கலண்டர் இல்லை. பக்கத்தில் கிடந்த ஒரு மனுஷி, "வற்றாப்பளையில இப்ப அம்மனுக்குப் பொங்கலெல்லோ" என்று சொன்னதை வைத்து வைகாசி பிறந்துவிட்டது என்று அறிந்தாள். அதற்குப் பிறகு ஒரு பகலிலோ அதற்கு அடுத்த பகலிலோ, தண்ணீரைக் கடந்து சனத்தோடு சனமாக வந்த இடத்தில், மகன் அஜந்தனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். "வாறன் அம்மா" என்றான். பஸ் போய்விட்டது. பின்னால் காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் திகதி கேட்டார்கள்.

"வைகாசி" என்றாள்.

"அது மே தானே, அம்மா?"

"மேயில பாதி சித்திரை, தம்பி. மற்றப் பாதிதான் வைகாசி. மிச்சம் ஜூனுக்குள்ள போகும்."

அவர்கள் மே என்று எழுதிக்கொண்டார்கள். சந்திக் காவலரணில் இருந்த ஒரு சிங்களச் சிப்பாய்க்கு இந்த வளவில் எப்போதும் புத்தருடைய வெசாக் பண்டிகை மாதம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு தை மாதம் அவன் வந்து வெசாக் கூடு என்ற கடதாசி விளக்கு ஒன்றை அவள் வேலியில் கட்டிவிட்டுப் போனான். அவள் அதைக் கழற்றவும் இல்லை, கொளுத்தவும் இல்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றது.

முல்லைத்தீவிலிருந்து கணவன் பக்கீரின் மோட்டார்சைக்கிளில் புடவை கொண்டுவரும் ஜொஹறாதான் அந்த மாதத்தைக் கண்டு சிரித்தவள். சிறுபிள்ளையாய் இருக்கும்போது மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கல்யாணம் கட்டித் திரும்பி வந்தவள் அவள்.

"எங்கட மாசத்துக்கு ஓரிடத்தில இருப்புக் கிடையாது, அக்கா. நோன்பு வெயிலுக்கையும் வரும், மாரிக்கையும் வரும். உங்கட வைகாசிதான் இப்பிடிச் சம்மணம் போட்டுக் குந்தியிருக்கு."

"உங்கட மாசம் எப்பிடி முடியும்?"

"பிறை கண்டா முடிஞ்சுது. காணேல்லயெண்டா இன்னும் ஒரு நாள் பொறுப்பம்."

"அடுத்த நாளும் காணாட்டி?"

"முப்பது நிறைஞ்சா, காணாட்டியும் முடிஞ்சதுதான். பொறுத்துக்கொண்டேயிருந்தா எனக்குப் பெருநாள் எப்ப?" ஜொஹறா சிரித்துக்கொண்டு புடவைகளை மடித்தாள்.

சுகந்தினி அந்தப் பதிலின் முன்பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் வைகாசி வேலியைத் தாண்டியது. பக்கத்து வயல் சிற்றம்பலத்தாருடையது. கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்ற நெல், வேலியோடு ஒரு துண்டு மட்டும் மஞ்சளாகி, குளத்துத் தண்ணி வரம்புவரை வந்தும் நிலம் வெடித்துப் போனது. அவர் கோபப்படவில்லை. சுகந்தினியின் தமையன் கணபதியையும் கூட்டிக்கொண்டு வந்து, சேற்றுக்காலை கேட்டடியில் கழுவி, காய்ந்த முற்றத்தில் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்ல. நெல்லுக்கு உன்ர மாசம் ஒத்துவருதில்ல, அவ்வளவுதான்."

கணபதி கையோடு கொண்டுவந்த எள்ளுப் பையை அவள் முன்னால் வைத்தார். "ஐயரிட்டக் கேட்டனான். நாள் தெரியாட்டி அந்த மாசத்து அமாவாசையை எடுக்கலாமாம். எள்ளும் தண்ணியும் இறைச்சு விட்டா மாசம் தன்ர பாட்டில போகும். நீயும் ஆறியிருக்கலாம்."

நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அப்போதுதான் வந்த சிவரூபி, யாரையும் பார்க்காமல், "இஞ்சை ஒருக்கா மழை பெய்தா எப்பிடியிருக்கும்?" என்றாள். பத்து வயதிலிருந்து அவள் வீட்டுக்குள் மழைச் சத்தம் கேட்டதில்லை.

சுகந்தினி நினைத்துப் பார்த்தாள். தகரத்தில் மழை விழும். மண் மணக்கும். மகள் கதவைச் சாத்திவிட்டுப் போர்த்துக்கொண்டு படுப்பாள். அதில் ஒரு வெறுப்பும் வரவில்லை. சும்மா தலையை ஆட்டினால் போதும், ஆனி வரும், ஆடி வரும், எல்லாம் வரிசையாக வரும். அஜந்தனுக்கு ஒரு அமாவாசை வரும். வருஷா வருஷம் இலை போட்டுப் படைக்கலாம். வைகாசியில் போனவன் கேட்டைத் திறந்து மழைக்குள் பார்த்து, யாருடைய வீட்டுக்கு வந்தேன் என்று நிற்பான். இதையெல்லாம் யோசித்தபோது நெஞ்சில் ஏதாவது செய்யும் என்று காத்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. கை மட்டும் பையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தது.

"விதைச்சா முளைக்கிற எள்ளோ, அண்ணை?"

"முளைக்கும்தான். ஏன்?"

அவள் பையைத் தூக்கிச் சிற்றம்பலத்தாரின் மடியில் வைத்தாள். "அந்தத் துண்டுக்குப் போடுங்கோ. வெயிலுக்கு நிக்கும்."

அவர் முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தார். வேலிப் பக்கம் திரும்பி, வைகாசி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று கண்ணால் அளந்தார். "நல்ல எள்ளுத்தான்" என்றார். "மற்றப் பக்கம் நெல்லு நிக்கட்டும்."

கணபதி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அமாவாசை?"

"காணேல்ல, அண்ணை" என்றாள் சுகந்தினி. "இன்னும் ஒரு நாள் பொறுப்பம்."