ஜூன் இருபத்தொன்று, பகல் ஒன்று பத்து

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டோரம் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கிரிதரன் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் உக்கிரபாண்டி. மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மருந்து கவுண்டர் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. அடியில் 'மறைவு 3.6.2004'.

அன்றைக்கு, மருந்து கவரில் ஒட்டும் லேபிளை அடிக்கிற சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு சிடியில் வந்திருந்தது. கவுண்டரின் லினக்ஸ் மெஷினில் ஏற்றினான். ஏறவில்லை. லேபிளுக்கான தமிழ் எழுத்து ஃபைல் ஏற்கெனவே 'arai' என்ற வேறொரு சாஃப்ட்வேர் பேக்கேஜுக்குச் சொந்தம், இரண்டும் மோதுகின்றன என்று சொல்லி நின்றுவிட்டது. ஒரே ஃபைலுக்கு இரண்டு பேக்கேஜ் அடித்துக்கொள்வது அவனுக்குப் புதிதில்லை. வேண்டாததைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. கழற்றுமுன் அதன் விவரத்தைக் கேட்டான்.

தயாரித்தவர் உக்கிரபாண்டி. இன்ஸ்டால் ஆன நாள் 2004 ஜூன் 21, பகல் 1.10.

கிரிதரன் படத்தைத் திரும்பிப் பார்த்தான். மெஷினின் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்று அந்த ஜூன் 21-ம் தேதி பில்களைத் தேடி எடுத்தான். நேரமெல்லாம் சரியாகவே இருந்தது.

கவுண்டரில் பார்மசிஸ்ட் ஹம்சவேணி அக்கா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். அவனைப் போல அவளும் சௌராஷ்டிரக்காரி. இருவரும் வீட்டுப் பாஷையிலேயே பேசிக்கொள்வார்கள். அவன் சொன்னதும் அவள் கை நின்றது.

"அவர் போனப்புறம் ரெண்டு தடவை இங்க அவரோட செருப்புச் சத்தம் கேட்டிருக்கேன் தம்பி. சொன்னா நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "கருமாதி முடிஞ்சு ஒருநாள் மத்தியானம் அவர் சம்சாரம் டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போக வந்தாங்க. இந்த நாற்காலியில உக்காந்து அழுதாங்க. நான்தான் தனியா இருக்கட்டும்னு சாப்பிடப் போயிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிரிதரன் சோழவந்தானுக்கு பஸ் ஏறினான். உக்கிரபாண்டியின் மனைவி ஒச்சாயி வாசலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவருடைய வேலையைப் பார்ப்பவன் என்றதும் எழுந்து உள்ளே போய், நான்காக மடித்த ஒரு தாளோடு வந்தாள்.

"நாந்தேன் அடிச்சேன்" என்றாள். "ஆஸ்பத்திரில படுத்திருக்கப்ப எழுதிக் குடுத்தாக. பிளாப்பிய எங்க சொருகணும், என்ன எழுத்த அடிக்கணும், எல்லாம் இதுல இருக்கு. மொத தடவ ஏத்த மாட்டேன்னு தகராறு பண்ணுச்சு. பண்ணுனா அடுத்த வரிய அடின்னு எழுதியிருந்தாக. அடிச்சேன். ஏறிருச்சு."

தாளைப் பார்த்தான். கை நடுங்கி எழுதிய கட்டளைகள். கடைசி வரியில் எந்த எதிர்ப்பையும் மீறி ஏற்றிவிடும் சொல்.

"எதுக்குன்னு சொன்னாரா?"

"அர மாத்திரைன்னு போட்டா மேல இருக்க ஒண்ணும் நடுக்கோடும் விழாம கீழ இருக்க ரெண்டு மட்டுந்தேன் விழுதாம். லேபிளு எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது அவுகதேன். யாருகிட்டயும் சொல்லாத, நீயே போயி சரிபண்ணிட்டு வந்துருன்னாக. நெனப்பு தப்புறவரைக்கும் அதேதேன் பேச்சு." அவள் நிமிர்ந்தாள். "புதுசுல அர சரியா விழுதா தம்பி?"

அவன் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் புதுச் சிடியில் இருந்த எழுத்து ஃபைலைத் தனியாகத் திறந்து பார்த்தான். அதே கோளாறு அப்படியே இருந்தது. அந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றினான். அரை போட்டு ஒரு லேபிள் அடித்தான். சுத்தமாக விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மெஷினின் பதிவுப்படி கோளாறான எழுத்து ஃபைல் ஏறியது மே பத்தாம் தேதி. ஒச்சாயி வந்து சரிசெய்தது ஜூன் இருபத்தொன்றில். இடையில் ஒட்டிப் போன லேபிள்கள்? பில்களைத் துழாவினான். அரை மாத்திரை வாங்கியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஹம்சவேணி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்" என்றாள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது அரை என்று வாயால் சொல்லுவதுதான் அவள் வழக்கம். எல்லோருக்கும் சொன்னாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு இருவரும் ஒவ்வொருவராகத் தேடினார்கள். பெரும்பாலோர் நன்றாக இருந்தார்கள். சிலர் தலை சுற்றியதால் தாங்களாகவே நிறுத்தியிருந்தார்கள். போன் இல்லாத கடைசி ஆள் அலங்காநல்லூர்ப் பக்கம் பேயாண்டி, வயது எழுபத்தொன்று, இருதய மாத்திரை. கிரிதரன் நேரில் போனான்.

மருமகள் மலையம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "மாமா ஜூன் மாசமே செத்துட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக. என்ன விசயமா கேக்குறீக?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பான். ஆனால் நடுங்கி எழுதிய அந்தத் தாள் கண்ணுக்குள் நின்றது. லேபிளில் தப்பு இருந்ததைச் சொன்னான். அரை என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு என்று விழுந்ததைச் சொன்னான்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"தெனம் நாந்தேன் எடுத்துக் குடுப்பேன்" என்றாள். "எம்புட்டுக் குடுத்தேன்னு நெனப்பில்லையே."

பஸ் வரும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். சொல்லாமலே வந்திருக்கலாமோ என்று கிரிதரன் அப்புறம் பல வருஷம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.